எடை குறைந்த பொட்டலங்கள்

ரோஸ்மேரி டீச்சர் தன் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் மளிகைக் கடைக்காரரோடு சண்டை போடக் கிளம்பினாள். போன இடத்தில் சண்டையை மறந்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று அவரிடமே கேட்டுக்கொண்டு திரும்பினாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நடந்தது அதுதான்.

1961-ஆம் வருஷம். திண்டுக்கல்லில் பேகம்பூரை ஒட்டிப் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு நடுநிலைப் பள்ளி இருந்தது. எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ரோஸ்மேரி அங்கே தமிழ் நடத்தினாள். கூடவே நூலகமும் அவள் தலையில். நூலகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஹெட்மிஸ்ட்ரஸ் அறை வாசலில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பீரோ, அவ்வளவுதான். அதற்கு ஒரு பூட்டு. ஊர்ப் பூட்டாயிற்றே, சாவி இல்லாமல் யார் வந்தாலும் திறக்காது.

முந்தின வருஷம் அந்தப் பீரோவுக்காக அறுபது புத்தகம் வாங்கிக்கொள்ளக் கல்வி ஆபீசிலிருந்து அனுமதி வந்தது. பத்து நாள் உட்கார்ந்து அறுபதையும் ரோஸ்மேரிதான் பொறுக்கினாள். பெண் பிள்ளைகளுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்துப் பொறுக்கினாள். ஒழுக்கம், சிக்கனம், சுகாதாரம், பெரியோர் சொல் கேட்டல். பெரிய மனிதர்களின் வரலாறு ஒரு பதினைந்து. எதைத் திறந்தாலும் முதல் வரியில் பிறந்த ஊர், இரண்டாம் வரியில் தாய் தந்தை பெயர், மூன்றாம் வரியில் சிறு வயதிலேயே பொய் சொல்லாதவர். புத்தகங்கள் வந்து இறங்கியதும், அழுக்காகக் கூடாதென்று அறுபதுக்கும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு முதுகில் நம்பர் எழுதினாள். எல்லாம் ஒரே நிறம். கண்ணாடி வழியாகப் பார்க்கப் பார்க்க மனசு குளிர்ந்தது. அவள் மனசு மட்டும்.

ஒரு வருஷம் கழித்து, புத்தகம் கொடுத்து வாங்கும் ரிஜிஸ்தரைத் திறந்தால் மொத்தமே பதினோரு பதிவு. அதில் எட்டு ரோஸ்மேரியின் பெயரில். மிச்சம் மூன்றில் ஒன்றை எடுத்துப் போனவள், மயிலிறகு குட்டி போடுவதற்காக எடுத்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் சண்முகவள்ளி அம்மாள் கெட்டவர் இல்லை. மனசில் பட்டதை மடித்துச் சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான். ஜூலை மாதம் ஒரு நாள் ரோஸ்மேரியைக் கூப்பிட்டு ரிஜிஸ்தரைத் திறந்து வைத்தார்.

"டீச்சர், வாரத்துக்கு ரெண்டு பீரியடு நூலகத்துக்குன்னு போகுது. பிள்ளைங்க உக்காந்து கொட்டாவி விடுதுங்க. அந்த நேரத்துல தையலாவது கத்துக்கிட்டா நாளைக்குப் பிழைப்புக்கு ஆகும். இந்த வருஷமும் இருபத்துநாலு புத்தகத்துக்கு அனுமதி வந்திருக்கு. மாசக் கடைசிக்குள்ள லிஸ்ட் குடுங்க. பிப்ரவரியில இன்ஸ்பெக்டர் வருவார். அப்பவும் ரிஜிஸ்தர் இப்படியே கிடந்தா, பீரோவ எதுத்தாப்புல பையன்க ஸ்கூலுக்குக் குடுத்துருவேன். அவங்க ரெண்டு தடவை கேட்டுட்டாங்க."

அந்த அம்மாள் சொன்னதில் பொய் ஏதும் இருந்தால்தானே பதில் சொல்ல முடியும்? ஆனால் அவளுக்கு வேறொன்றும் தெரியும். இந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அப்புறம் வீட்டில் அச்சடித்த எழுத்து என்று இருப்பது சுவரில் தொங்கும் காலண்டர் ஒன்றுதான். படிக்கிற ருசி நாக்கில் ஒட்டுவதென்றால் இந்த வயசில் ஒட்ட வேண்டும். அதற்கு அந்தப் பிள்ளைகளுக்கு இருந்ததெல்லாம் ஒரு பீரோவும் வாரத்தில் இரண்டு பீரியடும். அதைத் தன் கையாலேயே பாழாக்கிவிட்டோமோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை ஏழாம் வகுப்புக்கு நூலக பீரியடு. தோல் சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் வேலை பார்ப்பவர் மகள் ஆரிபா, முப்பத்தேழாம் நம்பர் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து உருகி உருகிப் படித்துக்கொண்டிருந்தாள். ரோஸ்மேரிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முப்பத்தேழு, 'சிக்கனமும் சேமிப்பும்' பற்றியது. அதில் உருக என்ன இருக்கிறது? மெல்லப் பின்னால் போய் நின்றாள். புத்தகத்துக்கு உள்ளே எண்ணெய்க் கறை படிந்த ஒரு தாள். மல்லி வாசனை கும்மென்று அடித்தது.

தாளைப் பிடுங்கியதும் ஆரிபா அழுதுவிட்டாள்.

"அடிங்க டீச்சர், வாங்கிக்கிறேன். தாள மட்டும் குடுத்துருங்க. அது என்னுது இல்ல. நாளைக்கு மூக்காயிகிட்டத் திருப்பிக் குடுக்கணும். அவ எனக்கு நாப்பத்தஞ்சாம் பக்கம் தர்றேன்னு சொல்லியிருக்கா."

அடிக்குப் பயப்படாமல் தாளுக்கு அழுகிற பிள்ளையை ரோஸ்மேரி அதுவரை பார்த்ததில்லை. பையைத் திறக்கச் சொன்னாள். உள்ளே துணியில் சுற்றி ஒரு கட்டு. மடக்கிய தடமும் கறையுமாக நாற்பது ஐம்பது பொட்டலத் தாள்கள். தேய்த்து நீவி, ஓரத்தில் நூல் போட்டுத் தைத்திருந்தது. சின்னச் சின்னத் தையல், தையல் டீச்சர் பார்த்தால் நூற்றுக்கு நூறு போடுவார். பக்கம் இல்லாத இடத்தில் நோட்டுத் தாள் வைத்துப் பென்சிலால் எழுதியிருந்தார்கள்: 'இங்கே 41 இல்லை. நத்தம் ரோட்டுக்காரிகளிடம் கேட்க வேண்டும்.' சில இடங்களில் காத்திருக்கப் பொறுமையில்லாமல், அந்தப் பக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்று அவர்களே எழுதிச் சேர்த்திருந்தார்கள்.

அவள் பிடுங்கிய தாள், கடலில் மணல் திட்டில் படகு தட்டி மாட்டிக்கொண்ட ஓர் அக்கா தம்பியின் கதை. 'அந்தப் பாழடைந்த குடிசையின் கதவைத் தள்ளினாள். உள்ளே' என்று பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம் ஊரில் யார் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறதோ.

"எங்கடி கிடைச்சுது இதெல்லாம்?"

"மைதீன் மாமா கடையில, டீச்சர்."

இங்கேதான் ரோஸ்மேரிக்குக் கோபம் வந்தது. ஏதோ ஒரு பாவி நல்ல நல்ல புத்தகத்தையெல்லாம் எடைக்கு வாங்கிக் கிழித்துப் பருப்புக் கட்டுகிறான் என்று முடிவு கட்டிவிட்டாள். சனிக்கிழமை காலை, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வெயிலுக்குத்தான், ஆனால் பிடித்திருந்த பிடி வேறு மாதிரி இருந்தது.

மைதீன் பிச்சைக்கு வயசு நாற்பதுக்குள்தான் இருக்கும். மளிகை மூட்டைகளுக்கு நடுவில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து, பார்க்காமலேயே பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். என்ன வேணும்?"

"நியாயம் வேணும், பாய்."

"அது ஸ்டாக் இருக்கான்னு பாக்கணும். எம்புட்டுக்கு வேணும்?"

ரோஸ்மேரி தாளை எடுத்துப் பலகையில் போட்டாள். "புத்தகத்தக் கிழிச்சு மல்லி கட்டுறீங்களே, உங்களுக்கே இது நல்லாயிருக்கா?"

மைதீன் பிச்சை தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய், தாள் கட்டு ஒன்றைத் தூக்கி வந்து வைத்தார். பாய் மாதிரி விரிந்த பெரிய பெரிய தாள்கள். ஒரு பக்கத்தில் எட்டுப் பக்கம், மறு பக்கத்தில் எட்டு. முப்பத்து மூன்றுக்குப் பக்கத்தில் நாற்பத்தெட்டு, சில பக்கங்கள் தலைகீழாக. மை திட்டுத் திட்டாக அப்பியிருந்தது.

"மதுர அச்சாபீஸ்கள்ல இருந்து வர்ற கழிவுத் தாளு டீச்சர். மடிச்சு வெட்டுனாத்தான் பக்கம் வரிசையா வரும். மை கூடிப்போச்சு, கோணிப்போச்சுன்னா இப்படி விரிச்ச மேனிக்கே எடைக்குப் போட்டுருவாக. நான் எதையும் கிழிக்கல. நான் வாங்கலன்னா அடுப்புக்குப் போகும்."

ரோஸ்மேரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குடையை மடக்கினாள். அது ஏற்கெனவே மடக்கித்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆரிபாவின் தாயார் ரம்ஜான் பீவி வேகமாக வந்து நின்றாள். "ஏ மைதீன் அண்ணே, படி போயி கிலோ வந்தாலும் வந்துச்சு, இப்படியா கொள்ளையடிப்பீக? நேத்து கால் கிலோ கடலப்பருப்புக்கு ஆரிபாவ அனுப்புனேன். வீட்டுல வந்து பாத்தா ஒரு கையளவு கொறையுது!"

மைதீன் பிச்சை ஒரு கை பருப்பை அள்ளிக் கட்டிக் கொடுத்தார். அவள் முணுமுணுத்துக்கொண்டே போனதும், பலகைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து, அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"என்ன பாய் அது?"

"அதா?" அவர் லேசாகச் சிரித்தார். "தாளுல ரெண்டு வகை இருக்கு டீச்சர். ஒண்ணு, கட்டுன கட்டு அவுக்காம வீடு போய்ச் சேந்துரும். அம்மாக்காரி டப்பாவுல கொட்டிட்டுத் தாள அடுப்புல போட்டுருவா. இன்னொண்ணு, தெருமுக்குத் தாண்டாது. பிள்ளை அங்கனயே நின்னு பிரிச்சு, பருப்ப மடியில கொட்டிக்கிட்டுப் படிக்கும். பாதி மடியில, பாதி தரையில. செத்த நேரத்துல அம்மாக்காரி எடை கொறையுதுன்னு சண்டைக்கு வருவா. சில தாளு ஒண்ணு போலப் பல வரும். எந்தத் தாளுக்குச் சண்டை வருதோ, மாதிரிக்கு எடுத்து வச்ச அதே தாளுல ஒரு கோடு போட்டு வச்சுக்கிருவேன். கோடு ஏற ஏற அது நல்ல தாளு. அந்தத் தாள எழுத்து அறுபடாம வெட்டிப் பிள்ளைகளுக்குன்னு தனியா வச்சிருப்பேன்."

"அப்ப பருப்பு நட்டம் உங்களுக்கா?"

"சிந்துனத எறும்பும் கோழியும் தின்னுச்சு. போகுது. படிக்கிற பிள்ளைய நிப்பாட்ட முடியுமா?"

ரோஸ்மேரிக்குத் தன் பீரோ ஞாபகம் வந்தது. பழுப்பு அட்டை போட்ட அறுபது. எதைப் பிரித்தும் ஒரு பிள்ளை தெருமுக்கில் நின்றதில்லை.

"எங்கிட்ட இருக்கிறது அம்புட்டும் எடை கொறையாமப் போற பொட்டலம்தான், பாய்" என்றாள்.

அவர் கோடு போட்ட தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பரப்பினார். பாம்பு எப்படிச் சட்டை உரிக்கிறது என்று ஒரு தாள், ஏழு கோடு. "இது கதையே இல்ல டீச்சர், பூரா நெசம். ஏழு சண்டை!" தேன்கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஐந்து. மணல் திட்டுக் கதைக்கு ஒன்பது. ஆற்றுக்குக் குறுக்கே ரயில் பாலம் எப்படிக் கட்டுகிறார்கள், தண்ணீருக்கு அடியில் தூண் எப்படி நிற்கிறது என்பதற்கு நான்கு. ராஜா ராணிக் கதை ஒன்று, படமெல்லாம் போட்டு அழகாக அச்சடித்தது. அதில் ஒரு கோடு கூட இல்லை.

ரோஸ்மேரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளுக்குக் கதை பிடிக்கும், பாடம் கசக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். கதையா நிஜமா என்று பிள்ளைகள் கேட்கவே இல்லை. அடுத்து என்ன என்று கேட்க வைத்ததா, அது ஒன்றைத்தான் கேட்டிருக்கிறார்கள். பதினான்கு வருஷ உத்தியோகத்தில் யாரும் சொல்லாதது, அவளும் கேட்காதது, இங்கே பென்சில் கோடாக இருந்தது.

தாளின் உச்சியில் சின்ன எழுத்தில் புத்தகத்தின் பெயர் ஓடியது. நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டே நிமிர்ந்தபோது, தராசுக்குப் பக்கத்தில் ஆணியில் குத்தியிருந்த ஒரு தாள் கண்ணில் பட்டது. ஓரமெல்லாம் கை பட்டு மங்கியிருந்தது. உச்சியில் 'ஆழக்கிணறு' என்று பெயர்.

"இதுக்கு எத்தனை சண்டை?"

மைதீன் பிச்சை சட்டென்று தராசைத் துடைக்கத் தொடங்கினார். "அது சும்மா கிடக்கு டீச்சர். பிள்ளைக யாரும் கேக்கல. எழுதணும்னா எழுதிக்கிருங்க."

அவள் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆரிபாவிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். மூக்காயிக்குச் சொன்ன நாள் தவறிப் போனதற்கு மன்னிப்பும் கேட்டாள். டீச்சர் மன்னிப்புக் கேட்டதைப் பிள்ளைகள் நம்பாமல் ஒருவரை ஒருவர் கிள்ளிப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் வகுப்பு பூராவும் வேலை பார்த்தது. அவரவர் வீட்டுத் தாள், அத்தை வீட்டுத் தாள், பக்கத்து வீட்டு அலமாரியில் விரித்த தாள் எல்லாம் வந்து குவிந்தன. பேர் இருந்ததை எழுதினார்கள். பேர் இல்லாததற்கு மைதீன் பிச்சை சொன்ன அச்சாபீஸ் விலாசங்களுக்கு ரோஸ்மேரி கார்டு போட்டாள். 'தங்கள் அச்சகத்தில் அச்சான, தேனீக்கள் பற்றிய, மை கூடிப்போன புத்தகத்தின் பெயர் என்ன?' என்று ஒரு டீச்சர் கேட்டு எழுதிய கார்டை வாங்கிப் படித்தவர்கள் என்ன நினைத்தார்களோ, பாதிப் பேர் பதில் போட்டார்கள். மகராசர்கள்.

பட்டியலைப் பார்த்த சண்முகவள்ளி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொட்டலத் தாளப் பாத்துப் புத்தகம் வாங்குறதா எந்த ஊர்லயாவது உண்டா டீச்சர்? கல்வி ஆபீசுல கேட்டா என்ன சொல்றது?"

"பிள்ளைங்க கேட்ட புத்தகம்னு சொல்லுங்கம்மா."

அவர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் போனார். 'ஆழக்கிணறு' வந்ததும் பேனா நின்றது. "இது எதுக்கு? கோடு ஒண்ணு கூட இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அடிச்சுருவோம்." பெயரில் கோடும் போட்டுவிட்டார்.

ரோஸ்மேரி பட்டியலை வாங்கினாள். கடைசியில் அவள் ஆசைக்கென்று சேர்த்த ஒரு புத்தகம் இருந்தது, செய்யுள் நயம் பற்றியது. மனசைத் தேற்றிக்கொண்டு அதை அடித்தாள். அந்த இடத்தில் 'ஆழக்கிணறு' என்று திரும்ப எழுதினாள். ஏன் எழுதினாள் என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அந்த மனுஷர் தராசைத் துடைத்த துடைப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது, அவ்வளவுதான்.

"இன்னொண்ணும் கேக்கணும்மா. பழுப்பு அட்டை எல்லாத்தையும் உரிச்சுரப் போறேன். பீரோ சாவி ஏழாங்கிளாஸ் பிள்ளைங்ககிட்ட இருக்கட்டும்."

"புத்தகம் தொலைஞ்சா?"

"பீரோக்குள்ள இருந்துக்கிட்டே அறுபது தொலைஞ்சுதேம்மா, அத விடவா?"

சண்முகவள்ளி அம்மாள் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். கையெழுத்துப் போட்டார். "பிப்ரவரி ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

ரோஸ்மேரியின் கணவர் சிலுவைமுத்துவுக்கு ரயில்வே ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் வேலை. எடை போட்டுப் போட்டு, எதைத் தூக்கினாலும் இத்தனை கிலோ என்று கையே சொல்லிவிடும் அவருக்கு. செப்டம்பர் மாதம் புத்தகப் பெட்டியை அவரே ஜட்கா வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். இருபத்துநாலில் இருபத்திரண்டுதான் வந்திருந்தது. பட்டியலில் பெயர் தெரியாமல் விவரம் மட்டும் எழுதியிருந்த இரண்டுக்கு, எந்த அச்சாபீசாலும் பெயர் சொல்ல முடியவில்லை. அதில் ஒன்று, காட்டில் வழி தப்பிய தபால்காரர் கதை. அது இன்றுவரைக்கும் என்ன புத்தகம் என்று யாருக்கும் தெரியாது.

அந்த வியாழக்கிழமையை ரோஸ்மேரி கடைசி வரை மறக்கவில்லை. பெட்டியைத் திறந்து புத்தகங்களை மேஜைமேல் முகம் தெரியப் பரப்பினாள். பிள்ளைகள் வந்தார்கள், எடுத்தார்கள், உட்கார்ந்தார்கள். ஒருத்தியாவது முதல் பக்கத்தைத் திறக்க வேண்டுமே! அவரவர் தாள் எங்கே முடிந்ததோ, நேராக அங்கே போனார்கள். ஒருத்தி அறுபத்தைந்துக்கு, இன்னொருத்தி நூற்றுப் பதின்மூன்றுக்கு. ஆரிபா முப்பத்தைந்தாம் பக்கத்தைத் திறந்தாள். எத்தனையோ மாதமாகத் திறக்காத கதவு அங்கே திறந்தது.

வகுப்பில் சத்தம் இல்லை. வெளியே கிட்டங்கிப் பக்கமிருந்து வண்டி போகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஆரிபா தலையில் அடித்துக்கொண்டு மூக்காயியைப் பார்த்தாள்.

"இதுக்கு நாம எழுதுனதே தேவலடி!"

வகுப்பே சிரித்தது. மூக்காயி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா டீச்சர், நாங்க எழுதுனதுல உள்ள ஒரு கரடி இருந்துச்சு" என்றாள். கரடி கடலுக்கு நடுவில் எப்படி வந்தது என்று ரோஸ்மேரி கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். இந்தப் பிள்ளைகள் தன்னிடம் வந்து சேர்ந்ததற்கும், அந்தக் கடை தெருமுனையில் இருந்ததற்கும், தனக்கு அன்றைக்குக் கோபம் வந்ததற்கும் கூட அவளுக்கு நன்றியாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது ஒரு பிள்ளை கூடத் தலை நிமிரவில்லை.

பிப்ரவரியில் இன்ஸ்பெக்டர் வந்தார். ரிஜிஸ்தர் தீர்ந்துபோய் இரண்டாவது நோட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பீரோவிலிருந்து ஒரு புத்தகத்தை இரண்டு விரலால் எடுத்தார். முனை மடங்கி, நடுவில் மஞ்சள் கறை.

"என்ன இது? புத்தகத்தை இப்படியா வைத்திருப்பது?"

ரோஸ்மேரி வாயைத் திறப்பதற்குள் சண்முகவள்ளி அம்மாள் முந்திக்கொண்டார். "போன வருஷம் பளபளன்னு இருந்துச்சுங்க சார். யாரும் தொடல. இந்த வருஷம் தொடுறாங்க."

பீரோ அங்கேயே இருந்தது. நூலக பீரியடும் இருந்தது. தையலுக்கு வேறு நேரம் கண்டுபிடித்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை ரோஸ்மேரி மைதீன் பிச்சை கடைக்குப் போனாள். வார்த்தைகளை வழியெல்லாம் கோர்த்துக்கொண்டு போனவள், அங்கே போய் நின்றதும், "பாய், நீங்க இல்லன்னா அந்தப் பீரோ எங்களுக்கு இல்ல. இந்த நன்றிய நான் மறக்க மாட்டேன்" என்று மட்டும்தான் சொன்னாள்.

"அட என்ன டீச்சர் நீங்க. நான் பருப்புக் கட்டுனேன். அல்லா குடுத்த நசீபு, கொடுப்பின, பிள்ளைக படிக்குது." அவர் தராசைத் துடைத்தார். அப்புறம் இன்னொரு தடவை துடைத்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "டீச்சர், அந்த ஆழக்கிணறுன்னு ஒரு புத்தகம் வந்துச்சா?"

"வந்துச்சே."

"கெணத்துல விழுந்த பிள்ளையத் தூக்க ஒருத்தன் கயித்தக் கட்டிக்கிட்டு உள்ள எறங்குவான். பாதி வழியில கயிறு நைஞ்சு போகும். அதோட தாளு முடியுது. அவன் மேல வந்துட்டானா டீச்சர்?"

ரோஸ்மேரி ஆணியைப் பார்த்தாள். தாள் அங்கேயே குத்தியிருந்தது.

"நான் மூணாங்கிளாசோட நின்னுட்டேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இந்த ஒத்தத் தாள முடிக்கவே ஒரு மாசம் ஆச்சு. முடிச்சிட்டு அடுத்த தாளு எங்கன்னு தேடுறேன். முந்தின நாளே அதுல மொளகா கட்டி யாருக்கோ குடுத்துருக்கேன். யாருக்குன்னு நெனப்பில்ல. ஆச்சு ரெண்டு வருஷம்." அவர் சிரிக்கப் பார்த்தார். "பிள்ளைககிட்டக் கேக்க வெக்கமா இருந்துச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பக்கம் சேர்த்துக் கொடுத்த மனுஷர் தன் பக்கத்துக்காக இரண்டு வருஷம் காத்திருந்திருக்கிறார். அந்தப் புத்தகம் செப்டம்பரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. நன்றி சொல்ல வந்தவளுக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லையே.

"வந்தானா இல்லையான்னு நான் சொல்ல மாட்டேன் பாய்" என்றாள். "நீங்களே படிச்சுக்கிருங்க."

திங்கட்கிழமை ரிஜிஸ்தரில் எழுதினாள். புத்தகம்: ஆழக்கிணறு. பெயர்: மைதீன் பிச்சை. வகுப்பு என்று இருந்த கட்டத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'மளிகை' என்று போட்டாள். மாலையில் சரிபார்க்க வந்த சண்முகவள்ளி அம்மாள் அந்த வரியில் பேனாவை நிறுத்தினார். அவர் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இனிஷியல் போட்டுவிட்டு அடுத்த பக்கம் திருப்பினார்.

பள்ளி விட்டதும் கடைக்குப் போய்ப் புத்தகத்தைக் கொடுத்தாள். மைதீன் பிச்சை கையை வேட்டியில் துடைத்து, பிறகு துண்டில் துடைத்து, அப்புறம்தான் வாங்கினார். ஆணியிலிருந்த தாளை எடுத்துப் பக்க எண்ணைப் பார்த்து, அந்த இடத்தைத் தேடிப் பிடித்தார். தராசுக்கு இந்தப் பக்கம் சாய்த்து வைத்தார். உதடு அசைய ஆரம்பித்தது.

"பாய், அரை கிலோ துவரம்பருப்பு."

"ம்" என்றார். கை பருப்பை அள்ளியது, கண் புத்தகத்தை விட்டு வரவில்லை. க-யி-று, கயிறு. பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். "என்ன மைதீன், கடையா பள்ளிக்கூடமா?" என்று ஒருவர் கேட்டது அவர் காதில் விழவே இல்லை. பொட்டலத்தைக் கட்டி நீட்டினார். ரோஸ்மேரி வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் நகர்ந்தாள். தெருமுக்கு வரைக்கும் அவர் எழுத்துக் கூட்டுகிற சத்தம் கேட்டது.

வீட்டில் சிலுவைமுத்து அவள் கையிலிருந்து பையை வாங்கினார். பொட்டலத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"எம்புட்டு வாங்குன?"

"அரை கிலோ."

"அரை கிலோவா? முக்கால் கிலோவுக்கு மேலயே இருக்கும். தராசப் பாக்காமப் போட்டுட்டானா மனுசன்?"

ரோஸ்மேரி பொட்டலத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். நாளைக்குக் காலையில் மிச்சப் பருப்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் கிணற்றில் இறங்கினவன் கொஞ்சமாவது மேலே வந்திருப்பான்.

"நல்ல புத்தகம்ங்க" என்றாள்.